பெரிய அரங்கா, சின்ன அரங்கா? லண்டனில் கிறிஸ்துமஸ் பான்டோ பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்துவிட்டால் லண்டனில் எங்கள் பிள்ளைகளின் பள்ளி வாசலில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் எந்த பான்டோ? கதை பெரும்பாலும் தெரிந்த கதை. சிண்ட்ரெல்லா, அலாதீன், ஜாக்கும் அவரைக்கொடியும் என்று ஏழெட்டுக் கதைகள் சுற்றிச் சுற்றி வரும். யார் நடிக்கிறார்கள், டிக்கெட் என்ன விலை என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த அரங்கில் எத்தனை பேர் உட்காரலாம் என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு டிசம்பரும் குடும்பத்தோடு போய் வருகிறேன். முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் அனுபவம். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பான்டோ என்றால் பேசாமல் நடிப்பதுதானே?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பிரிட்டனில் பான்டோமைம், சுருக்கமாகப் பான்டோ, என்றால் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கிற, பாட்டும் ஆட்டமும் சிரிப்பும் கலந்த மேடை நாடகம். பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. ஆண் நடிகர் ஒருவர் ஆளுயரக் கொண்டையும் குடை போல விரிந்த பாவாடையுமாகப் பெண் வேடத்தில் வருவார். அவரை டேம் என்பார்கள். வில்லன் மேடையின் இடப்பக்கமிருந்தும் நல்ல தேவதை வலப்பக்கமிருந்தும் நுழைவது பழைய வழக்கம். வில்லன் தலையைக் காட்டியதும் நாம் 'பூ...' என்று ஊளையிட வேண்டும். நடிகருக்குப் பின்னால் பேய் வந்து நிற்கும், அவருக்குத் தெரியாது. அரங்கமே 'உனக்குப் பின்னால!' என்று அலற வேண்டும். அவர் 'இல்லவே இல்லை' என்பார், நாம் 'ஆமாம், இருக்கு' என்போம்.

அதாவது, பார்க்க வந்தவர்களுக்கும் இதில் வசனம் உண்டு. அரங்கின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அரங்கு பெரிதாக இருந்தால் என்ன, சின்னதாக இருந்தால் என்ன? அதே கதைதானே?

இதற்கு லண்டனிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஃபிராங்க் மேட்சம் என்ற கட்டிடக் கலைஞர் விக்டோரியா காலத்தின் கடைசியிலும் அதற்குப் பிறகும் பிரிட்டன் முழுக்க ஏராளமான நாடக அரங்குகளைக் கட்டினார். லண்டனில் அவர் கைப்பட்ட அரங்குகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் இன்றும் பான்டோ நடக்கிறது. ஹாமர்ஸ்மித்தில் உள்ள லிரிக், 1895. சுமார் 590 இருக்கைகள். கிழக்கு லண்டனில் ஹாக்னி எம்பயர், 1901, சுமார் 1,275. ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் பக்கத்தில் பலேடியம், 1910, ஏறக்குறைய 2,300.

மூன்றிலும் அதே சிவப்பு வெல்வெட், அதே தங்கப் பூச்சு, அதே வளைந்த மாடங்கள். வரைந்த கை ஒன்று, அளவு மட்டும் ஏறக்குறைய இரண்டிரண்டு மடங்காகக் கூடிக்கொண்டே போகிறது. லிரிக்கின் கதை இன்னும் விசித்திரம். பழைய கட்டிடத்தை 1970களில் இடித்தார்கள். உள்ளிருந்த சுதை வேலைப்பாடுகளை மட்டும் காப்பாற்றி வைத்து, 1979இல் ஒரு புதிய கான்கிரீட் கட்டிடத்துக்குள், கடைகளுக்கு மேலே, பழையபடியே எழுப்பிவிட்டார்கள். சாதாரணக் கட்டிடப் படிக்கட்டில் ஏறிப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு நகைப்பெட்டி இருக்கிறது. முதல் தடவை நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

லிரிக்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் டேம் புருவத்தைத் தூக்குவது தெரியும். பலேடியத்தில் முன் வரிசையைக் கடந்துவிட்டால் புருவம் போய்விடும், கை தெரியும். மேல்மாடிக்குப் போனால் கையும் போய் உடைதான் தெரியும். ஆகவே அந்தந்த அரங்கின் நடிகர்கள் அதற்கேற்பத்தான் நடிக்கிறார்கள். சின்ன அரங்கில் ஒரு கண் சிமிட்டலுக்குச் சிரிப்பு வரும். பெரிய அரங்கில் அதே நகைச்சுவைக்கு ஐந்தடி உயரத் தொப்பி வேண்டியிருக்கும்.

ஹாக்னி எம்பயர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மேட்சம் மாடங்களைத் தூண் வைத்துத் தாங்காமல், பின்சுவரிலிருந்து இரும்பால் நீட்டிக் கட்டியவர். அதனால் 1,275 பேர் உட்கார்ந்தும் நெருக்கமாகவே இருக்கும். கிளைவ் ரோ அங்கே டேம் வேடம் போட்டுப் பாடினால் குரல் மாடத்தின் கடைசி வரிசை வரை வந்து மோதும். எனக்கு மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் ஹாக்னிதான்.

பெரிய அரங்கில் உண்மையில் என்ன குறைகிறது?

இரண்டு விஷயம். ஒன்று முகம், இன்னொன்று நேரம்.

ஏறத்தாழ 20 மீட்டருக்கு அப்பால் போனால் மனித முகத்தின் சின்னச் சின்ன மாற்றங்கள் நமக்குப் பிடிபடுவதில்லை. அரங்கு கட்டுகிறவர்கள் பொதுவாக மனதில் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. பெரியவர்களுக்கு இது பெரிய குறை இல்லை. குரலை வைத்தே புரிந்துகொள்வோம். நாலு வயதுப் பிள்ளைக்கு அப்படி முடியாது. அது முகத்தைப் பார்த்துத்தான் கதையைப் படிக்கிறது. யார் நல்லவர், யார் பொய் சொல்கிறார், இப்போது பயப்படலாமா வேண்டாமா என்பதெல்லாம் அதற்கு முகத்தில்தான் இருக்கிறது.

நேரம் என்றது ஒலியை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நடிகரின் வாய் அசைந்து பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் குரல் வரும். ஒலிபெருக்கி வைத்தாலும் இதை மாற்ற முடியாது. பின்னால் தொங்கும் ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகத்தான் ஒலிக்கவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். அப்புறம், நாம் 'உனக்குப் பின்னால!' என்று கத்துவது நடிகரிடம் போய்ச் சேர இன்னொரு பத்தில் ஒரு நொடி. போய்வர மொத்தம் ஐந்தில் ஒரு நொடி. சாதாரண நாடகத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கேள்வியும் பதிலுமாகவே நகர்கிற பான்டோவில் பேச்சு இழுபடும். அதனால் பெரிய அரங்கில் நடிகர்கள் நம்மைக் கொஞ்சம் காத்திருந்துதான் எதிர்கொள்கிறார்கள். சின்ன அரங்கில் அது வாய்ச்சண்டை மாதிரி சுடச்சுட நடக்கும்.

முன் வரிசைப் பிள்ளை ஒன்று தனியாகக் கத்தியது நடிகர் காதில் விழுந்து, அவர் திரும்பி அதற்குப் பதில் சொல்வதை லிரிக் அளவு அரங்கில் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதி வைத்த வசனத்தைவிட அந்த இரண்டு வரிகள்தான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைவில் நிற்கும்.

அப்படியானால் பலேடியத்துக்குப் போகவே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. பலேடியத்தில் பான்டோ 2016இல் மறுபடி தொடங்கியதிலிருந்து அது வருஷத்துக்கு வருஷம் பெரிய விருந்து. நட்சத்திர நடிகர்கள் வரிசையாக வருவார்கள், இசைக்குழு பெரிது, ஆடுபவர்கள் அதிகம், உடைகளைப் பார்த்துக் கண் கூசும். 2,300 பேர் ஒன்றாக வில்லனைப் பார்த்து ஊளையிடும்போது நெஞ்சுக்கூடே அதிரும். அந்த அதிர்வு 590 பேரிடம் கிடைக்காது. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன்: நகைச்சுவை நடிகர் ஜூலியன் கிளாரியின் இரட்டை அர்த்தப் பேச்சு அங்கே நிறைய இருக்கும். பிள்ளைகளுக்குப் புரியாது, பாட்டிமாருக்குப் புரிந்துவிடும்.

பெரிய அரங்குக்கென்றே பிறந்த நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. அதற்கு நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1932 டிசம்பர் 27 அன்று திறந்த அரங்கு. ஏறத்தாழ 6,000 இருக்கைகள். கடைசி வரிசையிலிருந்து மேடைக்கு 160 அடி. 1933இலிருந்து அங்கே கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நடக்கிறது. ராக்கெட்ஸ் என்ற நடனக் குழுவினர் 36 பேர் ஒரே வரிசையில் நின்று ஒரே உயரத்துக்குக் காலைத் தூக்குவார்கள். உயரமானவர்களை நடுவிலும் அவர்களைவிடக் குட்டையானவர்களை இரண்டு ஓரத்திலும் நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே உயரமாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த ஏமாற்று அவ்வளவு எடுபடாது.

மரப்பொம்மைச் சிப்பாய்களாக அணிவகுத்து வருவது அங்கே முதல் வருஷத்திலிருந்தே உள்ள ஆட்டம். கடைசியில் ஒரு பீரங்கி வெடிக்கும். முதல் சிப்பாய் பின்னால் நிற்பவர் மேல் சாய, அவர் அடுத்தவர் மேல் சாய, அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு மெல்லச் சரிவது போல 36 பேரும் அவசரமே இல்லாமல் விழுவார்கள். உறவினர் வீட்டுக்குப் போனபோது அதை மாடியிலிருந்து பார்த்தேன். முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை, தேவையும் படவில்லை. கோலத்தை மேலே நின்று பார்க்கிற மாதிரிதான்.

ஆகவே நிகழ்ச்சியைப் பாருங்கள். அணிவகுப்பும் நடனமும் பிரம்மாண்டமும் என்றால் பெரிய அரங்கு. முகமும் பேச்சும் வம்பும் என்றால் சின்ன அரங்கு.

இந்தப் பிரச்சினை புதியதா?

இருநூறு வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது. லண்டனின் ட்ரூரி லேன் அரங்கை 1794இல் 3,600க்கு மேற்பட்டோர் உட்காரும்படி திருப்பிக் கட்டினார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய நடிகை சாரா சிடன்ஸ் அதை ஒரு வனாந்தரம் என்றார். கோவென்ட் கார்டன் அரங்கையும் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் விரிவாக்கியிருந்தார்கள். இத்தனை பெரிய இடத்தில் மெல்லிய நடிப்பு எடுபடாமல் போக, காட்சி ஜோடனையும் பாட்டும் ஆட்டமும் மேடையில் கூடிக்கொண்டே வந்தன.

1806 டிசம்பரில் அதே கோவென்ட் கார்டனில் மதர் கூஸ் பான்டோமைமில் கோமாளியாக வந்து ஊரையே கலக்கினார் ஜோசப் கிரிமால்டி. முகம் முழுக்க வெள்ளை, கன்னத்தில் பளீரென்ற சிவப்பு. கடைசி மாடத்துக்கும் ஒரு முகம் வேண்டும் என்றால் அதை இப்படி வரைந்துதான் காட்ட வேண்டும். இன்றைய டேம்களின் கன்னச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

பான்டோவின் கூச்சல் எங்களுக்கு ஒத்துவராது. அமைதியாக, ஆனால் கிறிஸ்துமஸ் உணர்வோடு ஏதாவது?

ஓல்ட் விக். சுமார் 1,000 இருக்கைகள். 2017இலிருந்து டிசம்பர்தோறும் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை அங்கே போடுகிறார்கள். ஜாக் தோர்ன் நாடகமாக்கியது, இயக்கம் மேத்யூ வார்கஸ். முழு இசை நாடகம் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் பாடல்களும் கைமணிகளும் கதையோடு பின்னிப் போகும்.

அளவு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆயிரம் பேர் அரங்கை நூறு பேர் வீடாக்கும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கீழ்த்தளத்து இருக்கைகளின் குறுக்கே மேடையை நீட்டி, பார்ப்பவர்கள் நாலா பக்கமும் உட்காரும்படி செய்துவிட்டார்கள். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான லாந்தர்கள். நாடகம் தொடங்கும் முன்பே நடிகர்கள் அந்தக் காலத்து உடையில் வந்து கமலா ஆரஞ்சும் 'மின்ஸ் பை' என்ற உலர்பழப் பண்டமும் கொடுப்பார்கள். கடைசியில் கதையின் கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜ் விருந்து வைக்கும் காட்சியில் மாடியிலிருந்து மேடைக்குத் துணியைச் சரிவாக நீட்டி உணவுப் பண்டங்களை உருட்டிவிடுவார்கள். நாமும் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத பெரியவர், பழக்கூடையை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதே நாடகம் 2019இல் நியூயார்க்கின் லைசியம் அரங்குக்குப் போனது. அங்கே 900க்குச் சற்று அதிகமான இருக்கைகள்தான். பிராட்வே கணக்கில் அது சின்ன அரங்கு. ஆளைப் பார்த்துச் சட்டை தைத்த மாதிரி, நிகழ்ச்சிக்கு ஏற்ற இடத்தைத் தேடிப் போனார்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஹால்போர்ன் பக்கத்துப் பீகாக் அரங்கில் டிசம்பரில் நடக்கும் பனிமனிதன் நிகழ்ச்சியில் பேச்சே கிடையாது, இசையும் நடனமும்தான். சுமார் 1,000 இருக்கைகள். பையனும் பனிமனிதனும் கம்பியில் தொங்கிப் பறக்கும்போது மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், மாடியில் உட்கார்ந்தால் நம் கண்மட்டத்திலேயே பறப்பார்கள். இதற்கு மாடி டிக்கெட்தான் நல்லது.

பான்டோவுக்கும் கூட்டிப் போகலாம், சின்ன அரங்காக இருந்தால். என் அம்மா செய்யாறு பக்கம். சின்ன வயதில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர். டேம் மேடையில் வந்து நின்றதும் என் கையைத் தட்டி, "என்னடா இது, நம்ம கூத்துல ஆம்பளைங்க பொம்பள வேஷம் கட்டுவாங்களே, அதேதான்" என்றார். இன்னொருவர் நேராக நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும், "இவன் கட்டியங்காரன்" என்று தீர்த்துவிட்டார். அதற்கப்புறம் நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. முகம் தெரிந்ததால்தான் அது நடந்தது. அடுத்த வருஷம் பெரிய அரங்கின் மேல்மாடியில் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

எங்கே உட்காருவது?

ஆங்கிலேய அரங்குகளில் கீழ்த்தளம் ஸ்டால்ஸ். முதல் மாடி டிரெஸ் சர்க்கிள் அல்லது ராயல் சர்க்கிள். அதற்கும் மேலே அப்பர் சர்க்கிள், சில இடங்களில் பால்கனி.

600 பேர் அரங்கில் எங்கே கிடைத்தாலும் எடுங்கள். பெரிய அரங்கில் சிறு பிள்ளைகளோடு போனால் நான் முதல் மாடியின் முதல் இரண்டு வரிசைகளைத்தான் தேடுவேன். ஸ்டால்ஸ் நடுவில் உட்கார்ந்தால் முன்னால் உயரமான ஆள் ஒருவர் வந்துவிட்டால் பிள்ளைக்கு முடிந்தது கதை. பிள்ளைகளுக்கான மெத்தைத் திண்டு பல அரங்குகளில் கேட்டால் கொடுப்பார்கள். வந்தவுடனே கேட்டு வாங்குங்கள், தீர்ந்துவிடும்.

மேல்மாடி மலிவு, ஆனால் செங்குத்து. உயரத்துக்குப் பயப்படுபவர்களுக்கு வேண்டாம். 'பார்வை மறைக்கும் இருக்கை' என்று குறிப்பு போட்டிருந்தால் அதை அப்படியே நம்புங்கள். ஒரு பழைய அரங்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலு டிக்கெட் எடுத்தேன். இரும்புத் தூணுக்குப் பின்னால் என் மகள் இரண்டரை மணி நேரம் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இடைவேளையில் அவள் கேட்டது: "அப்பா, தேவதை வந்தாச்சா?" வந்து அரை மணி நேரமாகியிருந்தது.

சத்தம், இருட்டு என்றால் என் மகன் பயப்படுவான்.

'ரிலாக்ஸ்டு' காட்சி என்று கேட்டுப் பாருங்கள். பல அரங்குகளில் சீசனுக்கு ஒன்றிரண்டு நடத்துவார்கள். விளக்கை முழுதாக அணைக்க மாட்டார்கள், வெடிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், வெளியே போய் வரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது, யாருக்கும் பயன்படும். சின்ன அரங்கின் ரிலாக்ஸ்டு காட்சி இன்னும் நல்லது. வெளியேறும் கதவு நாலடியில் இருக்கும்.

சின்ன அரங்கு என்றால் விலை குறைவா?

பெரும்பாலும் குறைவு. லண்டன் மையத்தை விட்டு வெளியே வந்தாலே விலை இறங்கும். பல ஊர் அரங்குகளுக்கு வருஷம் முழுக்க நாடகம் போட இந்த ஆறேழு வாரப் பான்டோ வருமானம்தான் கைகொடுக்கிறது. நாம் எடுக்கும் டிக்கெட் மார்ச் மாதத்தில் வேறொரு நாடகமாகத் திரும்பி வரும்.

கடைசியில் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவார்களாமே?

ஆமாம். முடிவதற்குச் சற்று முன் பாட்டு வரிகளை எழுதிய பெரிய திரை ஒன்று இறங்கும். அரங்கை இரண்டாகப் பிரித்து, எந்தப் பக்கம் சத்தமாகப் பாடுகிறது என்று போட்டி வைப்பார்கள். சில இடங்களில் நாலைந்து பிள்ளைகளை மேடைக்கு அழைப்பதும் உண்டு. பெரிய அரங்கில் முன் வரிசை ஸ்டால்ஸில் இருந்தால்தான் அந்த வாய்ப்பு. சின்ன அரங்கில் யாருக்கும் கிடைக்கலாம்.

என் மகளுக்கு ஐந்து வயதில் கிடைத்தது. டேம் குனிந்து பெயர் கேட்டார். அவள் பெயரில் ழகரம் உண்டு. அவர் சொல்லிப் பார்த்தார், இவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். மறுபடி சொன்னார், மறுபடி இல்லை. மூன்றாவது தடவை அவர் எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்" என்றார். கிட்டத்தட்ட அறுநூறு பேர் அவள் பெயரைச் சொன்னார்கள். ஒருவருக்கும் ழ வரவில்லை. அவள் இடுப்பில் கைவைத்து, மைக்கில், மெதுவாக, இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தாள்.